இடது பின் கதவு

மூன்றடுக்கு கேக்கின் மேல் டிக்கிக் கதவு விழுந்தபோது மாலை நான்கு மணி. வரவேற்பு மண்டபத்தின் பின்வாசலில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் தூக்கிவிட்டு, கேக்கின் அடித்தட்டுக்கு இரண்டு பக்கமும் கை கொடுத்துப் பாதி வெளியே இழுத்திருந்தாள் கேக்கக்கா. தலைக்கு மேல் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் கதவு இறங்கிவிட்டது. முதல் அடி அவள் தோளில். அடுத்தது கேக்கில். இரண்டு நாள் உழைப்பும் நாற்பத்திரண்டு சர்க்கரை ரோஜாக்களும் கண்ணெதிரே சப்பையாகிப் போயின.

கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம். அந்த அம்மாள் கேக்கையும் கேக்கக்காவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். தப்பிப் பிழைத்த அடியடுக்கைச் சீவி, க்ரீம் பூசி, மண்டபத்துச் சமையலறையிலேயே ஒருவழியாக ஒப்பேற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவளுக்குத் தோள் விண்விண்ணென்று வலித்தது. வண்டிக்குள் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பழைய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும்," என்றான் அண்ணன். "நீ முழுசாத் தூக்கி விட்டியா? பாதியில விட்டா விழத்தான் செய்யும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

கேக்கக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பன்னிரண்டு வருடமாக வீட்டுச் சமையலறையில் கேக் செய்து விற்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அண்ணன் அதை வைத்து ஒரு ஜோக் வேறு செய்து வைத்திருந்தான். "என் தங்கச்சி யாரையும் ஒண்ணும் கேக்கறவ இல்ல, கேக் செய்யறவ" என்று நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அந்தச் சின்ன எஸ்.யூ.வி. அண்ணனுடையது. ஐந்து மாதம் முன்பு, தான் புதிது வாங்கப்போவதாகவும், இதை வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை என்றும் சொல்லி, அவள் சேமிப்பை வாங்கிக்கொண்டு அவள் தலையில் கட்டினான். அப்போது அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி போனவளுக்குச் சொந்தமாக ஒரு டிக்கி கிடைத்ததே பெரிய விஷயம். அண்ணன்னா இவன் அண்ணன் என்று பூரித்துப் போனாள்.

முதல் வாரமே இடது பின் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. "குழந்தைங்க லாக் போட்டிருக்கும், பாரு" என்றான் அண்ணன். அந்த லாக்கை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள், ஒரு மாற்றமுமில்லை. முதல் மழைக்குப் பின்பக்கத் தரைவிரிப்பு குளமாகி, காய்ந்தும் காயாமலும் ஈரநாய் நாற்றம் அடித்தது. வனிலா எசென்ஸையும் மீறிய நாற்றம். மூன்றாம் மாதம் அதே கதவின் கண்ணாடி 'டொப்' என்று உள்ளே விழுந்து காணாமல் போயிற்று. பின் சீட்டு பெல்ட்டின் கொக்கி 'டிக்' என்று விழும், இழுத்தால் கையோடு வரும். மத்தியான வெயிலில் பார்த்தால் மற்றக் கதவுகள் ஒரு வெள்ளை, அந்தக் கதவு மட்டும் பால் திரிந்த வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் அண்ணனிடம் ஒரு பதில் இருந்தது. பழைய வண்டின்னா அப்படித்தாம்மா.

அப்பா அந்த வண்டியில் பின்னால் உட்காரவே மாட்டார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டால் வசதியாக இருக்குமே என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "முன்னாடியே இருக்கேன்" என்று முன் சீட்டில் ஏறி, வண்டி நகர்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். வயசான பிடிவாதம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை வண்டியை டிங்கர் பட்டறைக்கு ஓட்டிப் போனாள். தகரக் கூரை போட்ட பட்டறை. வாசலில் கதவில்லாத கார்களும் காரில்லாத கதவுகளும் சாய்ந்து கிடந்தன. டிங்கர் அவளிடம் மகளின் பிறந்தநாளுக்கு கேக் வாங்குகிறவர். நடுத்தர வயது. சுத்தியல் சத்தத்திலேயே வாழ்ந்ததால் யாரிடமும் கத்தித்தான் பேசுவார்.

"என்னக்கா, டிக்கி உங்களையே அடிச்சிருச்சா?"

டிக்கியைத் தாங்கும் இரண்டு கேஸ் தண்டுகளையும் கழற்றி, ஒன்றை விரலால் அழுத்தினார். பேனா மூடி போல உள்ளே போயிற்று. "இது செத்து ரொம்ப நாளாச்சு. இன்னொண்ணு தனியா எத்தனை நாள் தாங்கும்? ஆனா பாருங்க, டிக்கி நேராவும் உக்காரல. இடது பக்கம் ஒரு விரல் சந்து, வலது பக்கம் முடி நுழையாது."

சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியது. வலது பக்கம் முழுக்க அதை ஒட்டி ஒட்டி நகர்த்தினார், 'டக் டக்' என்று பிடித்தது. இடது பக்கம் வந்தார். பின் கதவில் பிடித்தது. கதவுக்குப் பின்னாலுள்ள வளைவில் வைத்துக் கையை எடுத்தார். காந்தம் அப்படியே தரையில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் மேலே வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"இங்க அரை இஞ்சுக்குப் பட்டிப் பூச்சுதான் இருக்கு, இரும்பையே காணோம்," என்று கத்தினார். "கதவு வேற வண்டியோடது, காயலான் கடைச் சரக்கு. நல்லா அடி வாங்கியிருக்கு இந்த வண்டி. நேர் பக்கவாட்டுல, கம்பத்துல போய்ச் சாத்தின மாதிரி. சட்டமே திரும்பியிருக்கு. அதான் தண்ணி வருது, லாக் பிடிக்கல, கண்ணாடி நிக்கல, டிக்கி உக்காரல. நீங்க நாலு சீக்குன்னு நெனைக்கிறீங்க. எல்லாம் ஒரே அடி போட்ட குட்டிங்க."

"எங்க அண்ணன் வண்டி இது. கீறல் கூட விழாத வண்டின்னு சொன்னான்."

டிங்கர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின் சீட்டைக் கழற்றப் போய்விட்டார்.

சீட்டைத் தூக்கி, ஈர விரிப்பை உரித்து, அடியில் கிடந்ததையெல்லாம் வாரி ஒரு தட்டில் போட்டார். துருப்பிடித்த இரண்டு போல்ட்டு, உடைந்த கண்ணாடித் துணுக்குகள், ஒரு சீப்பு. கூடவே பழுப்பு நிறத்தில், முந்திரிப்பருப்பு அளவில் ஒரு சாமான்.

"இது என்னக்கா, ஏதாவது ப்ளூடூத்தா?"

அவள் எடுத்துப் பார்த்தாள். அது காது மெஷின். ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி. இடது காதுக்கானது எது என்று அப்பா குழம்பாமல் இருக்க அவளே தன் கையால் வைத்த புள்ளி.

பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

பதினான்கு மாதம் முன்பு, ஒரு ஹோட்டல் விழாவுக்கு கேக் செய்ய அவள் மூன்று நாள் வெளியூர் போயிருந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அண்ணன் வந்து தங்கினான். இரண்டாம் நாள் போன் வந்தது. "அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். கைப்பிடி வெக்கறேன் வெக்கறேன்னு எத்தனை தடவை சொன்னே? வெச்சியா?" அவள் வைக்கவில்லை. அது உண்மை. ஓடி வந்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்தார். காது மெஷின் எங்கே என்று கேட்டதற்கு, விழுந்த வேகத்தில் சாக்கடைக்குள் போய்விட்டது என்றான் அண்ணன். பிளம்பரை வைத்துக் குழாயை உடைத்துக்கூடத் தேடினாள்.

அதன் பிறகு எல்லாம் அவள் பாடுதான். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, ராத்திரி ஒரு முனகல் கேட்டால் எழுந்து ஓடுவது எல்லாமே. அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஒரு கைப்பிடி வெக்க உனக்கு நேரமில்ல, ஊருக்கெல்லாம் கேக் செய்ய நேரமிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை வாயால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது தெரிந்துபோயிற்று. அண்ணன், தான் மேனேஜராக இருக்கும் குளியலறைச் சாமான் கடையிலிருந்து பளபளவென்று மூன்று கைப்பிடிகளைக் கொண்டுவந்து, தானே துளை போட்டு மாட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டான். ஒருநாள் அவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான்ப்பா உங்களுக்கு இப்படி ஆச்சு" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவி, "பரவால்லம்மா" என்றார்.

பரவால்லையாம்.

"அக்கா, என்ன செய்யட்டும்? சட்டத்தை இழுத்து நேர் பண்ணணும், பத்து நாளாகும்."

"ஒண்ணும் செய்யாதீங்க. சீட்டை மாட்டிக் குடுங்க. அந்தக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு முட்டுக் குடுங்க, போதும்."

"கதவு உள்ளேர்ந்து திறக்காதே?"

"திறக்க வேண்டாம்."

வழியில் முட்டைக் கடையில் ஏற்றவேண்டிய முட்டை இருந்தது. எவ்வளவு கோபம் வந்தாலும் மறுநாள் ஆர்டர் மறுநாள்தான். வலது பின் சீட்டிலும் முன் சீட்டிலும் அட்டை அட்டையாக முட்டையை அடுக்கிக்கொண்டு, நேரே அண்ணன் கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வரிசையாகத் தொங்கிய குழாய்களுக்கு நடுவில் டை கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா உன்னைக் கூப்பிடறார். உடனே வா."

"என்னாச்சு? ஏன் உன் முகம் இப்படி இருக்கு?"

"வா, சொல்றேன்."

முட்டைகள் போக மிச்சமிருந்தது இடது பின் சீட்டுதான். அவன் ஒரு விநாடி தயங்கியதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். ஏறிக்கொண்டான். வழி நெடுக அவன் கேட்டது எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

வீட்டு முன்னால் நிழலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் ஊன்றி நடக்கும் நடைக்கட்டை. அவள் வண்டியை அவருக்கு நாலடி தள்ளி நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து இடது பின் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே அண்ணன் கைப்பிடியை இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான்.

"தொறம்மா."

"ஏன், திறக்கலையா? பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்ணா."

"விளையாடாத. தொற."

பையிலிருந்து காது மெஷினை எடுத்துக் கண்ணாடியில் அவன் மூக்குக்கு நேராக வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்த விநாடி வரை, எங்கோ ஒரு மூலையில், வேறு ஏதாவது காரணம் இருக்கக்கூடாதா என்று அவள் மனசு நப்பாசைப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

"எந்தக் கம்பத்துலண்ணா மோதினே?"

அவன் மறுபடியும் கைப்பிடியை இழுத்தான்.

"சாக்கடைக்குள்ள போச்சுன்னியே! குழாயை உடைச்சுத் தேடினேனே, பக்கத்துலயே நின்னு டார்ச் அடிச்சியே! அப்ப உனக்குச் சிரிப்பு வரலியா?"

"கத்தாத. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். நான் யாரையும் ஒண்ணும் கேக்கறவ இல்லன்னு சொல்லுவியே, இன்னிக்குக் கேக்கறேன். சொல்லு."

அவன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். இடுப்பளவு முட்டை. முன்னால் பார்த்தான். அங்கேயும் முட்டை. கடைசியில் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான். அப்பாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கடைக்குப் போனானாம். ஓட்டிக்கொண்டே போன் பேசினானாம். வளைவில் வண்டி இழுத்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் அடித்ததாம். அப்பாவின் பெல்ட் கொக்கி முன்பே கெட்டுப் போயிருந்தது, மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தானாம்.

"கேஸாகிடும்னு பயந்துட்டேன். வேலையும் போயிடும். அந்த நேரத்துல வாயில வந்தது பாத்ரூம். ஒரு தடவை சொல்லிட்டேன், அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"பாத்ரூம் வாயில வந்துச்சு, சரி. கைப்பிடி கூடவா வாயில வந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பின்னால் நடைக்கட்டையின் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்துகொண்டிருந்தார். வேண்டாத பேச்சென்றால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவது அவர் வழக்கம். இன்றைக்கு அது செல்லாது என்று அவருக்கே புரிந்திருக்கவேண்டும்.

"அவனை விடும்மா. சின்னப் புள்ள மாதிரி அழுதான் அன்னிக்கு. நான்தான் சரின்னேன்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மேல் வந்த கோபம் சுட்டது. இது வேறு மாதிரி இருந்தது.

"நான் உங்க காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனேப்பா. தலையைத் தடவி 'பரவால்லம்மா'ன்னு சொன்னீங்களே. எதைப் பரவால்லன்னீங்க?"

அப்பா நடைக்கட்டையை ஒரு அடி முன்னால் நகர்த்தினார். "அவன் உடைஞ்சு போயிடுவான்னு தோணுச்சும்மா. நீ... நீ தாங்குவேன்னு நெனச்சேன்."

"தாங்குவேனா? தாங்கறவன்னா தலையில எதை வேணா போடலாமாப்பா? பதினாலு மாசம். உங்களைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தத் தழும்பைப் பாத்துப் பாத்து நான் தினம் செத்தேன். நீங்க ரெண்டு பேரும் அதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவள் துணியோடு அப்படியே நின்றாள். அப்பா வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அண்ணன் உள்ளிருந்து, "சரிம்மா, தப்புத்தான். தொற, இறங்கிப் பேசலாம்" என்றான். வேர்த்து, டை கழுத்தில் கோணலாகத் தொங்கியது.

"அத்தைக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"இப்ப எதுக்கு அத்தை?"

"அப்பவும் முதல்ல அத்தைக்குத்தானே போட்டே? போடு."

போட்டான். கண்ணாடிக்குள்ளிருந்து அத்தையின் குரல் தகர டப்பாவில் உருட்டியது போல வந்தது. திக்கித் திணறி அவன் சொல்லி முடித்தான். பிறகு அத்தை கேட்டாள், "அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன் அத்தை."

"சரி, ஆனது ஆச்சு. குடும்பத்துக்குள்ளதானே. மனசுல வெச்சுக்காத. விட்டுடு."

"விட மாட்டேன் அத்தை," என்றாள் அவள். "என்னைச் சொன்னப்ப நீங்க குடும்பத்துக்குள்ள சொல்லல. ஒவ்வொரு வீடா சொன்னீங்க. இதையும் அதே மாதிரி ஒவ்வொரு வீடா சொல்லுங்க."

அதன் பிறகுதான் கதவைத் திறந்தாள். வெளியிலிருந்து திறப்பதற்கும் அதை ஒரு தூக்குத் தூக்கி இழுக்கவேண்டும். அண்ணன் இறங்கி, கூசிப்போய், பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று ஏதோ முனகினான்.

"வண்டியை எடுத்துக்க. கூடவே அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ. நாளைலேர்ந்து அவர் உன் வீட்ல."

"என் வீடு மாடிம்மா, படியேறணும்..."

"நீ தாங்குவேண்ணா."

அப்பா அவளைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தவளும் அவள்தான். மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து, உறைகளில் எழுதினாள். எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

வீடு காலியாயிற்று. முதல் வாரம் காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்து, தண்ணீர் சுட வைக்க எழுந்துவிட்டு, அடுப்படியில் நின்று தன்னையே திட்டிக்கொள்வாள். அப்பாவை நினைத்தால் பாவமாக இருக்கும். அடுத்த நிமிஷமே அந்தப் 'பரவால்லம்மா' காதில் விழும், பாத்திரத்தை 'ணங்'கென்று வைப்பாள். அத்தை ஒவ்வொரு வீடாகச் சொன்னாளோ இல்லையோ, விஷயம் பரவிவிட்டது. இரண்டு மூன்று பேர் போன் செய்து, "நாங்க அப்பவே நெனச்சோம்" என்றார்கள். நினைத்தவர்கள் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று அவளும் பதிலுக்குக் கேட்டாள். கேட்பது வரவரச் சுலபமாகிக்கொண்டிருந்தது.

டிங்கரோடு போய் வேறொரு பழைய வண்டி பார்த்தாள். விற்கிறவர் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருக்க, அவள் பாட்டுக்கு வண்டியைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். நான்கு கதவையும் உள்ளே உட்கார்ந்து திறந்தாள். பெல்ட்டுகளை வெடுக்கென்று இழுத்தாள். விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தாள். "என்னக்கா, என் பொழைப்பைக் கெடுத்துடுவீங்க போலிருக்கே" என்று டிங்கர் கத்தினார்.

ஐந்தாவது வாரம், ஒரு காலை வேளையில் அண்ணன் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முட்டையை அடித்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா குளிக்கவே விட மாட்டேங்கறார்ம்மா. மூணு நாளாச்சு. கிட்ட போனா கையைத் தட்டி விடறார். நீ எப்படிப் பண்ணினே?"

சொல்லக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். கரண்டி இரண்டு சுற்றுச் சுற்றியது.

"நாற்காலியைச் சுவரோரமா போடு. அடியில ரப்பர் விரிப்பு. தண்ணியை முதல்ல உன் முழங்கையில ஊத்திப் பாரு, அவர் மேல நேரா ஊத்தாத. நல்ல காலை ஊனிக்கிட்டு உக்காரச் சொல்லு. சட்டையைக் கழட்டும்போது பேசிக்கிட்டே இரு, இல்லன்னா வெக்கப்படுவார்."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. தக்காளி விலை பேசு. தலைக்கு ஊத்தறதுக்கு முன்னாடி காது மெஷினைக் கழட்டிடு, ஆனா பேச்சை நிறுத்தாத. அவருக்குக் கேக்காது, உதடு அசையறது தெரியணும். துடைக்கும்போது தழும்புப் பக்கம் ஒத்தி எடு, தேய்க்காத. அப்புறம் அரைமணி நேரம் பக்கத்துலயே இரு."

"இரு, இரு, எழுதிக்கறேன்..." காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் இறங்கியது. "இவ்வளவும் தினமுமா செஞ்சே?"

"தினமும்."

அந்தப் பக்கம் பின்னாலிருந்து அப்பாவின் குரல் உரக்கக் கேட்டது. யாரு, அவளா, குடு, நான் பேசணும் என்றார்.

"அப்பா பேசணும்ங்கறார்ம்மா."

கேக்கக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். பேசிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"போன்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன்னு சொல்லு," என்றாள். "சமாதானம் பேச வரேன்னு நெனச்சுக்கப் போறார். சண்டை இன்னும் முடியல, அதுக்குத்தான் வரேன்னு சொல்லிடு."

போனை அணைத்துவிட்டு, மாவைச் சலிக்க ஆரம்பித்தாள்.